அரை நட்சத்திரம்

ஆயுத பூஜையன்று மாநிலத்தின் மின்சாரச் செலவைக் காட்டும் கோடு காலையிலிருந்தே இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அது இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆலைகளுக்கு விடுமுறை, பட்டறைகளில் பொரியும் கடலையும், லேத்துக்கும் லாரிக்கும் வருஷத்தில் ஒரே ஒரு நாள் ஓய்வு. ஆனால் கிண்டியில், மின்சிக்கன ஆணையத்தின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்த மணிமொழிக்கு அந்த இறக்கம் பிடிக்கவில்லை. ஆலைக் கோடு இறங்கட்டும். வீட்டுக் கோடு எதற்கு இறங்குகிறது? விடுமுறை நாளில் வீட்டில் ஆள் கூடுதலாக இருக்கும், டிவி ஓடும், மிக்சி ஓடும், விருந்தாளி வருவார்கள். ஏற வேண்டிய கோடு இறங்குகிறதென்றால் எங்கேயோ ஏதோ இடிக்கிறது.

டைரக்டர் மதிவாணனுக்கு எதுவும் இடிக்கவில்லை. விடுமுறை நாளிலும் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, பெரிய திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்த தகப்பன் மாதிரி நின்றார்.

"பாத்தீங்களா மணிமொழி. மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கு. விதி வந்தா மக்கள் மாறுவாங்களான்னு அன்னிக்கு கேட்டாங்கல்ல, இப்ப வந்து பாக்கச் சொல்லுங்க."

"வீடுகள்ல ஏன் சார் இவ்வளவு இறங்குது?"

"எல்லாரும் ஊருக்குப் போயிருப்பாங்க. வீடு காலியா இருக்கும். அதுக்குத்தானே விதியே போட்டோம். சாயங்காலம் அமைச்சர் டிவியில சொல்லப் போறார்."

அந்த விதியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஆளில்லாத வீட்டில் ஃப்ரிட்ஜ் முழு மூச்சாக ஓடுவது வீண் என்று அரசாங்கம் கண்டுபிடித்தது. அது தப்பான கண்டுபிடிப்பும் இல்லை, கோடைதோறும் மின்வெட்டில் மாநிலம் பட்ட பாடு அப்படி. ஆகவே ஃப்ரிட்ஜின் கதவில் ஒரு கண் வைக்கச் சொன்னார்கள். மிளகளவு கண்ணாடி, அவ்வளவுதான். எதிரே நடமாட்டம் இருந்தால் ஃப்ரிட்ஜ் வழக்கம்போல ஓடும். ராத்திரி லேசாகக் கண்ணயரும். விடிந்தும் யாரும் தென்படவில்லையென்றால் வீடு காலி என்று தீர்மானித்து, மோட்டாரை நிறுத்திவிட்டு ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய்விடும். பழைய ஃப்ரிட்ஜைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்ளும் திட்டத்தில் இரண்டு வருஷத்தில் மாநிலமே மாறிப்போனது. தூங்கும் விதி பொங்கலோடு நடைமுறைக்கு வந்தது. விதி வந்த பிறகு வருகிற முதல் ஆயுத பூஜை இது.

திரைக்குக் கீழே நீள மேசையில் உட்கார்ந்திருந்தவள் ஜமீலா. மண்டலங்களின் மின்சாரத்தைக் கையாளும் ஷிப்ட் பொறியாளர். பூஜை நாட்களில் மற்றவர்களின் டியூட்டியை அவள் பார்ப்பாள், ரம்ஜானுக்கும் பக்ரீதுக்கும் அவளுடையதை மற்றவர்கள் பார்ப்பார்கள். இந்த ஏற்பாட்டுக்கு எந்த விதியும் கிடையாது, இதுவரை ஒரு தகராறும் வந்ததில்லை.

"மேம், உங்களுக்குத் தண்ணி கொண்டாந்தேன். ஆனா ஜில்லுன்னு இல்ல. நம்ம ஃப்ரிட்ஜு என்னமோ ஆயிடுச்சு" என்றாள் ஜமீலா.

மணிமொழி டம்ளரை வாங்கினாள். தண்ணீர் குழாயில் பிடித்த மாதிரி இருந்தது. டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து பின்கட்டு அறைக்குப் போனாள்.

அலுவலக ஃப்ரிட்ஜ் மாலையும் கழுத்துமாக நின்றது. நேற்று சாயங்காலம் எல்லோரும் கிளம்பும் முன் சாமான்களைத் துடைத்து, பொரி வைத்து, கணினி முதல் காகிதம் வெட்டும் இயந்திரம்வரை பொட்டு வைத்திருந்தார்கள். ஃப்ரிட்ஜுக்குக் கொஞ்சம் தாராளமாகவே வைத்திருந்தார்கள். எட்டணா அளவுக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். கதவின் மேல்பக்கம், சரியாக நடுவில்.

கண் இருக்கும் இடத்தில்.

கம்பெனிக்காரர்கள் கண்ணைக் கதவின் உச்சியில் நடுவாக வைத்திருந்தார்கள். அங்கேயிருந்து பார்த்தால் அறை முழுவதும் தெரியும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அந்த இடத்தைப் பார்க்கிற நம் ஆட்களுக்கு அது நெற்றி. நெற்றி என்று ஒன்று இருந்துவிட்டால் ஆயுத பூஜையன்று கை தானாகவே அங்கே போய்விடும். மணிமொழி புடவைத் தலைப்பால் சந்தனத்தைத் துடைத்தாள். காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது, நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. கண் பச்சையாக ஒரு தரம் மினுங்கியது. உள்ளே மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

ஆணையத்தின் சோதனைக்கூடத்தில் காலி வீடு எப்படியிருக்கும் என்று ஃப்ரிட்ஜுக்குக் காட்ட அவர்கள் செய்தது இதைத்தான். கண்மேல் கறுப்பு டேப் ஒட்டுவார்கள். பத்து மாதிரிகளுக்கு அவளே ஒட்டியிருக்கிறாள். நேற்று சாயங்காலமே மாநிலம் முழுக்க வீட்டுக்கு வீடு பக்தியோடு அதையே செய்திருக்கிறார்கள்.

"சார், அது காலி வீடு இல்ல. பொட்டு" என்று வந்து சொன்னாள்.

மதிவாணன் முதலில் சிரித்தார். விஷயம் முழுவதையும் கேட்ட பிறகும் சிரிப்பு பாதி மிச்சமிருந்தது.

"சரி. அதனால என்ன ஆயிடும்? தண்ணி ஜில்லுன்னு இருக்காது. மாவு புளிக்கும். கதவத் திறந்தா முழிச்சுக்கும்ல?"

"முழிச்சுக்காது சார். லைட்டு மட்டும் எரியும். கதவு திறந்தா முழிக்கணும்னு முதல் வரைவுல இருந்துச்சு. ரப்பர் தளர்ந்து கதவு லேசா ஆடினாக்கூட முழிச்சுக்குது, அதனால மின்சிக்கன முத்திரைல அரை நட்சத்திரம் குறையுதுன்னு கம்பெனிக்காரங்க வந்து நின்னாங்க. நாம எடுத்துட்டோம்."

"நாம இல்ல, கமிட்டி" என்றார் மதிவாணன்.

"கமிட்டிதான் சார். நீங்களும் நானும் இருந்த கமிட்டி."

அரை நட்சத்திரம் அன்றைக்குப் பெரிய விஷயமாகத்தான் இருந்தது. நாலரை நட்சத்திர ஃப்ரிட்ஜை யார் வாங்குவார்கள் என்று எல்லோருமே கேட்டார்கள்.

"நாளைக்கு மறுபூஜை போட்டுட்டுத் துடைப்பாங்க. தானா சரியாயிடும். ஒருநாள் மாவு புளிச்சா யாரும் சாக மாட்டாங்க" என்றார்.

"உயிர்க்குப்பி சார்" என்றாள் மணிமொழி. "உயிர்க்குப்பி எல்லாம் ஃப்ரிட்ஜுலதானே இருக்கு."

இப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

சிறுநீரகம் கெட்டவர்களுக்கு முன்பெல்லாம் டயாலிசிஸ்தான் கதி. இப்போது அவரவர் உடம்பிலிருந்தே செல் எடுத்து வளர்த்து, குப்பியில் அடைத்து, மாதம் ஒரு ஊசியாக வீட்டுக்கே அனுப்புகிறார்கள். ஊசியை அவரவரே போட்டுக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, குளிர்ச்சி போகக் கூடாது. குளிர் விட்டால் உள்ளே இருக்கிற செல் செத்துவிடும். செத்த செல்லை உடம்பில் ஏற்றினால் ரத்தம் உறைந்து சில மணி நேரத்தில் ஆள் போய்விடுவான். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, நல்லதும் கெட்டதும் ஒரே மாதிரி தெளிவாகத்தான் இருக்கும். சூடு பட்டால் நிறம் மாறுகிற ஸ்டிக்கர் முன்பு குப்பிமேல் இருந்தது. ஃப்ரிட்ஜுக்கே அரசு முத்திரை இருக்கும்போது குப்பிக்கு வேறு எதற்கு ஸ்டிக்கர் என்று யாரோ ஒரு புத்திசாலி கேட்டார், எடுத்துவிட்டார்கள்.

"இந்த மாசக் குப்பி போன வாரம்தான் வீடுகளுக்குப் போச்சு. பாதிப் பேர் நல்ல நாள் பாத்துத்தான் போட்டுக்குவாங்க. இன்னிக்கு சாயங்காலம் விளக்கேத்திட்டுப் போட்டுக்கப் போறாங்க சார்" என்றாள் மணிமொழி. "என் தம்பியும்."

தம்பி குணசீலன் கோயம்புத்தூரில், கணபதிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறான். மேலே வீடு, கீழே பட்டறை, தனிக்கட்டை. இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருஷமாகிறது. அப்பா அம்மா போன பிறகு மணிமொழிக்கு ரத்த சம்பந்தம் என்று பூமியில் இருப்பது அவன் ஒருவன்தான். அவனுக்குக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஸ்விட்ச் ஆஃப்.

எதற்கு ஸ்விட்ச் ஆஃப் என்றும் அவளுக்குத் தெரியும். தொழிலுக்குப் பயன்படுகிற எதையும் இன்றைக்கு அவன் தொடமாட்டான். ஸ்பேனர், வெர்னியர், லேத் எல்லாவற்றோடும் சேர்த்து போனுக்கும் பொட்டு வைத்து, அணைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவான். ஆர்டர் வருவதே போனில்தானே, அதுவும் ஆயுதம்தான் என்பான். போன வருஷமும் அப்படித்தான் செய்தான், அவள் திட்டினாள், அவன் சிரித்தான்.

"எழுப்பிடுங்க" என்றார் மதிவாணன். "எல்லா ஃப்ரிட்ஜையும் இங்கேருந்தே எழுப்ப ஆணை இருக்குல்ல? அனுப்புங்க."

ஜமீலா தலையை ஆட்டினாள். "ஒரேடியா முடியாது சார். ஒரு கோடி மோட்டார் ஒண்ணா கிளம்பினா லைன் தாங்காது. மாநிலமே இருட்டாயிடும், ஆஸ்பத்திரி உட்பட. ஆறு மண்டலம் இருக்கு. ஒண்ணொண்ணா எழுப்பி, அடங்கினப்புறம் அடுத்தது. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்." அவள் விசைப்பலகைமேல் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "எந்த மண்டலம் முதல்ல?"

"மேற்கு" என்றாள் மணிமொழி.

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. மதிவாணன் அவளை ஒரு பார்வை பார்த்தார். கோயம்புத்தூர் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? ஜமீலா மேற்கு என்று அடித்தாள்.

மேற்கு மண்டலத்தின் கோடு நிமிர்ந்து எழுந்தது. எங்கோ தூரத்தில் லட்சக்கணக்கான சமையலறைகளில் மோட்டார்கள் உறுமிக் கிளம்புவதை அந்தக் கோட்டிலேயே பார்க்க முடிந்தது. மேலே போய், ஒரு நடுங்கு நடுங்கி, மெல்ல அடங்கியது. மணிமொழி தன்னையறியாமல் கைகூப்பினாள். குணாவின் ஃப்ரிட்ஜ் ஓடுகிறது. விளக்கேற்றுவதற்குள் நன்றாகக் குளிர்ந்துவிடும். அவன் பாட்டுக்கு வந்து, அவன் பாட்டுக்கு ஊசியைப் போட்டுக்கொண்டு, நாளைக்குக் காலையில் போனை எடுத்து, பொரி சாப்பிட்டாயா என்று கேட்பான். அவளுக்கு நிம்மதியில் அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

மேற்கு முழுவதும் அடங்க வெகுநேரம் பிடித்தது. அதற்குப் பிறகு சென்னை மண்டலத்துக்கு ஆணை போனது. கோடு எழத் தொடங்கியது. ஜமீலா பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றி மூன்று பேருக்கும் வைத்தாள். ஊற்றிக்கொண்டே, சும்மா தெரிந்துகொள்ளலாம் என்பதுபோலத்தான் கேட்டாள்.

"மேம், அந்தக் குப்பி சூடாகி செல்லு செத்துருச்சுன்னு வைங்க. மறுபடி ஜில்லுன்னு ஆனா பொழச்சுக்குமா?"

மணிமொழி அவளைப் பார்த்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

பிழைக்காது. செத்தது செத்ததுதான். குப்பி இன்று மதியமே செத்திருக்கும். ஆனால் சூடாக இருக்கிறவரை, எடுக்கிறவன் கைக்கு அது தெரியும். ஜில்லென்று இல்லையே என்று ஒரு கணம் யோசிப்பான், ஃப்ரிட்ஜைத் தட்டிப் பார்ப்பான், யாரையாவது கேட்பான். இப்போது அவள் என்ன செய்துகொண்டிருக்கிறாள்? செத்த மருந்தைக் குளிரவைத்து, நல்ல மருந்து மாதிரி ஆக்கி, அவன் கையில் கொடுக்க ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறாள். எல்லோருக்கும் முன்னால் குணாவுக்கு.

"நிறுத்து ஜமீலா" என்றாள். "சென்னையத் திரும்பத் தூங்க வை. மத்த மண்டலம் எதையும் தொடாதே."

"என்ன பேசறீங்க?" மதிவாணன் திரும்பினார். "நீங்கதானே எழுப்பச் சொன்னீங்க?"

அவள் சொன்னாள். திக்கித் திணறித்தான் சொன்னாள், ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தணிந்த குரலில் பேசினார்.

"இங்க பாருங்க. நிறுத்தினா ஒரு கோடி வீட்டுல பால், மாவு, கறி, எல்லாம் பாழு. நாளைக்கு ஜனங்க நம்மள கிழிச்சிடுவாங்க. விதியே போயிடும். இத்தனை வருஷ உழைப்பு. எழுப்பிட்டோம்னு வைங்க, சாயங்காலத்துக்குள்ள எல்லா ஃப்ரிட்ஜும் பழையபடி ஆயிடும். குப்பி எல்லாம் செத்திருக்கும்னு என்ன நிச்சயம்? யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

"அதான் சார் பயமே."

"சுகாதாரத் துறைகிட்ட சொல்லி எல்லாருக்கும் மெசேஜ் போடலாம்."

"போனே பூஜையில இருக்கு சார். எத்தனை பேர் பாப்பாங்க? தொட்டா சூடா இருக்கறது ஒண்ணுதான் இப்ப அவங்களுக்கு மெசேஜு. அதையும் நாமளே அழிச்சிடறதா?"

ஜமீலா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "சென்னை ஏறிட்டே இருக்கு. யாரு சொல்றத நான் கேக்கறது?"

திரையில் சென்னையின் கோடு மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நிமிஷமும் எத்தனையோ குப்பிகள் ஊமையாகிக்கொண்டிருந்தன.

"மேற்கு மண்டலத்துல என் தம்பி இருக்கான் சார்" என்றாள் மணிமொழி. "அதுக்காகத்தான் முதல்ல மேற்குன்னு சொன்னேன். உங்களுக்கும் தெரியும். இந்நேரம் அவன் குப்பி ஜில்லுன்னு இருக்கும், இனி மேற்கைத் தூங்க வெச்சாலும் விளக்கேத்தறதுக்குள்ள சூடாகாது. நான்தான் ஆக்கினேன். மத்த வீட்டுக்காவது பண்ணாதீங்க. வேணும்னா நிறுத்தச் சொன்னது நான்னு போட்டுக்கங்க. மாவு புளிச்சதுக்கு என்னைத் திட்டட்டும்."

மதிவாணன் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. பத்து வருஷம் தூங்காமல் போராடிக் கொண்டுவந்த விதி, அதன்மேல் பெற்ற பிள்ளைமேல் இருக்கிற மாதிரி ஆசை. அதனால்தான் அவ்வளவு நேரம் பிடித்தது.

"தூங்க வைம்மா" என்றார் ஜமீலாவிடம்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை மணிமொழி எதிர்பார்க்கவில்லை. அமைச்சரின் பேச்சுக்காக வந்து காத்திருந்த டிவிக்காரர்களை உள்ளே கூப்பிட்டு, தானே போய் கேமரா முன் நின்றார். எந்தச் சாதனையைப் பற்றியும் பேசவில்லை. ஃப்ரிட்ஜில் உயிர்க்குப்பி வைத்திருப்பவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும், ஐஸ் மாதிரி இல்லையென்றால் போட்டுக்கொள்ளக் கூடாது என்றார். மேற்கு மண்டலத்துக்காரர்கள் குப்பி ஐஸாகவே இருந்தாலும் தொடக் கூடாது, அது எங்கள் தவறு என்றார். பக்கத்து வீட்டில் குப்பி வைத்திருக்கிற நோயாளி இருந்தால் கதவைத் தட்டிச் சொல்லுங்கள் என்று இரண்டு தரம் கும்பிட்டார்.

டிவி போட்டிருந்தவர்கள் கேட்டிருப்பார்கள். குணா வீட்டில் டிவி இல்லை.

மணிமொழி கணபதி காவல் நிலையத்துக்குப் போன் போட்டாள். அங்கேயும் பூஜைதான், ஆனால் யாரோ ஒருவர் எடுத்தார். முகவரியைக் கேட்டுக்கொண்டு கிளம்பிய கான்ஸ்டபிள், வெளிச்சம் மங்குகிற நேரத்தில் திருப்பிக் கூப்பிட்டார்.

"பட்டறை பூட்டியிருக்குதுங் மேடம். மேல ஊடும் பூட்டியிருக்குது. ரெண்டு மூணு வாட்டி கதவத் தட்டிப் பாத்தாச்சுங்."

"உள்ள விழுந்து கிடந்தா? பூட்ட உடைச்சுப் பாருங்க சார். நான் பொறுப்பு."

"பூட்டு வெளிப்பக்கமுங் மேடம். ஆளு உள்ள இல்லீங். சன்னல்ல டார்ச்சு அடிச்சுப் பாத்துட்டனுங். எங்கியோ வெளிய போயிருக்கறாரு."

வெளியே போயிருக்கிறான். ஊசியைப் போட்டுக்கொண்டு போனானா, போடாமல் போனானா? போட்டுக்கொண்டு போயிருந்தால் எந்த பஸ்ஸில், எந்தத் தெருவில்? கான்ஸ்டபிளுக்கு அது தெரியாது. வழியில் இன்னும் நாலு வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று அவர் போனை வைத்துவிட்டார்.

அந்த இரவை மணிமொழி எப்படிக் கழித்தாள் என்று எழுதிப் பிரயோஜனமில்லை. தம்பி இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

விஜயதசமி காலையில், ஊரெல்லாம் மறுபூஜை முடிந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வேளையில், கட்டுப்பாட்டு அறையிலேயே இருந்த அவளுடைய போன் அடித்தது. திரையில் குணாவின் பெயர். எடுத்தாள், ஆனால் பேச வரவில்லை. அவன் குரலாக இல்லாமல் வேறு யாராவது பேசிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

"என்னக்கா இது, இத்தன வாட்டி கூப்புட்டிருக்கற? இப்பத்தான் சாமிகிட்ட இருந்து போன எடுத்தேன்."

"குணா, ஊசி போட்டியாடா?"

"எங்க போடறது. நேத்து மத்தியானம் எலுமிச்சம்பழம் எடுக்கலாம்னு ஃப்ரிட்ஜத் தொறந்தா உள்ள ஜில்லுன்னே இல்ல. குப்பியத் தொட்டா ரூம்புல வெச்ச மாதிரி இருக்குது. ஃப்ரிட்ஜு கெட்டுப்போச்சாட்டம் இருக்குதுன்னு அப்பவே குப்பியத் தூக்கிப் போட்டுட்டேன். மனசு சரியில்ல, பூட்டிட்டு பேரூர் போயி கோயில்லயே உக்காந்திருந்துட்டு அங்கயே ஒரு சிநேகிதன் ஊட்டுல படுத்துட்டேன். வந்து பாத்தா ஃப்ரிட்ஜு ஓடுது. என்ன எழவோ தெரியல."

மணிமொழி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. தம்பி பிழைத்துக்கொண்டான். அவள் முதலில் எழுப்பியதால் அல்ல. அவள் எழுப்புவதற்கு முன்னால், ஃப்ரிட்ஜ் சூடாக இருந்த நேரத்தில் அவன் கையை உள்ளே விட்டதால்.

"அக்கா? அழுவறயா என்ன?"

"இல்லடா. நீ பேசு."

அப்போது மதிவாணன் உள்ளே வந்தார். நேற்றைய சட்டையே இன்னும் உடம்பில் இருந்தது. ஒரே நாளில் சட்டை பெரிதாகிவிட்ட மாதிரி தொளதொளத்தது. அவள் போனில் இருப்பதைப் பார்த்தும் நிற்கவில்லை.

"சுகாதாரத் துறையிலேருந்து வந்துருச்சு" என்றார். "மத்த அஞ்சு மண்டலத்துலயும் யாருக்கும் ஒண்ணும் இல்ல. தொட்டுப் பாத்திருக்காங்க, போட்டுக்கல." கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். "மேற்குல நாலு பேர். திருப்பூர்ல ஒரு அம்மா, உடுமலையில ஒரு வாத்தியார், பொள்ளாச்சியில புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே. டிவி பாக்கல போல. குப்பி நல்லா ஜில்லுன்னு இருந்துச்சாம்."

மணிமொழி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவளால் எடுக்க முடியவில்லை. பொள்ளாச்சியில் இரண்டு பேர் விளக்கேற்றிவிட்டு, ஒருவருக்கு ஒருவர் ஊசி போட்டுக்கொள்வது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. வரிசை வேறு மாதிரி இருந்திருந்தால் அவர்கள் குப்பியும் சூடாகத்தான் இருந்திருக்கும்.

மதிவாணன் குரலைத் தணித்துக்கொண்டார். "விசாரணை வரும். மேற்கை ஏன் முதல்ல எழுப்பினீங்கன்னு கேப்பாங்க. கம்ப்யூட்டர் போட்ட வரிசைன்னு எழுதிடலாம் மணிமொழி. ஜமீலாகிட்ட பேசிட்டேன், அவ எதுவும் சொல்ல மாட்டா. நேத்து நீங்க இல்லேன்னா இன்னும் எத்தனை பேர் போயிருப்பாங்க. நீங்க வேணும்னு செய்யல."

நேற்று இதே ஆளுக்கு அவள் சட்டென்று பதில் சொன்னாள். இன்றைக்கு வாய் வரவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்பது உண்மைதான். கம்ப்யூட்டர் என்று எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை, போனவர்கள் திரும்ப வரப்போவதில்லை. இப்படியெல்லாம் தனக்குத் தோன்றுவதை அவளே கவனித்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் தோன்றிக்கொண்டுதான் இருந்தது.

காதில் குணா பேசிக்கொண்டிருந்தான். இங்கே நடந்த எதுவும் அவனுக்குக் கேட்டிருக்கவில்லை.

"அக்கா, கேக்கறயா? இப்பத்தான் பக்கத்துப் பட்டறைல சொன்னாங்க, மாநிலம் பூரா குப்பி போயிருச்சாமா. புதுசு வளத்துத் தரோணும்னா ரொம்ப நாளாகும்ங்கறாங்க. அத்தன பேருக்கும் செய்யறக்குள்ள என்ற பாடு என்ன ஆகறது?" கொஞ்சம் தயங்கினான். அவனுக்கு அவளிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. "நீ அங்கதான இருக்கற. யாருகிட்டயாவது ஒரு வார்த்த சொன்னயின்னா என்ற பேர முதல்ல போட்டுருவாங்கல்ல?"

மணிமொழி கண்ணை மூடினாள். மதிவாணன் எதிரே நின்று அவள் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"வரிசைப்படி வரும்டா" என்றாள். மறுபடி சொன்னாள். "உன் முறை வர்றப்ப வரும். அதுவரைக்கும் பெரியாஸ்பத்திரில டயாலிசிஸுக்குப் பேர் குடு. இன்னிக்கே போ."

அவள் நிமிர்ந்து மதிவாணனைப் பார்த்தாள்.

"மேற்குன்னு நான்தான் சொன்னேன். அப்படியே எழுதுங்க சார். ஏன் சொன்னேங்கறதையும் எழுதுங்க."

"யாருகிட்டக்கா பேசற?" என்றான் குணா. "ஏன் சொன்ன? என்ன ஆச்சு?"

அவனுக்கும் சொல்லியாக வேண்டும். மணிமொழி போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டு, பொள்ளாச்சியிலிருந்து ஆரம்பித்தாள்.